கொன்றை பிழை விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் உட்பக்கம் ஒன்றில் ஒரு படம் வந்திருந்தது. பம்பலப்பிட்டிப் பக்கம் வீதியோரத்தில் நிற்கும் கொன்றை மரம், ஐப்பசி மழைக்குள் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. கீழே இரண்டு வரி: காலம் தவறிப் பூத்த அதிசயம், நாட்டுக்கு என்ன வரப்போகிறதோ என்று. அந்த இரண்டு வரியால் என் வீட்டுத் தொலைபேசி இரண்டு நாள் ஓயவில்லை. பூ, காய், கன்று என்று எது வந்தாலும் எங்கள் சொந்தத்துக்குள் என்னிடம்தான் கேட்பார்கள். தெகிவளையில் இருக்கிற மச்சாள் முதல் ஆளாக எடுத்து, "கொன்றைக்கும் பைத்தியம் பிடிச்சிட்டுதாமே, இனி என்ன கூத்தோ" என்றாள். கனடாவில் இருக்கிற மருமகள் அதே படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமி, இது காலநிலை மாற்றம்தானே?" என்று கேட்டாள். ஒருத்திக்குச் சகுனம், மற்றவளுக்குக் காலநிலை மாற்றம். மரத்தைப் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்ட நேரம் பார்த்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். படத்தில் மரம் முழுக்கப் பூ மாதிரித் தெரிந்தது. நேரில் எண்ணினால் பதினொரு சரம். பதினொன்றும் கடற்பக்கத்துக் கொப்புகளில். மற்றப் பக்கம் பச்சை இலை. பழைய காய்கள் கறுத்து, தடி தடியாகத் தொங்குகின்றன. இதே மரம் சித்திரை வைகாசியில் பூத்து நிற்பதைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அப்போது சரங்களை எண்ண நினைப்பவளுக்குத்தான் பைத்தியம்.

பூத்த கொப்புகளை அண்ணாந்து பார்த்தேன். பழைய இலை ஒன்றுகூட முழுதாக இல்லை. நடு நரம்பு மட்டும் ஈர்க்கு மாதிரி நிற்க, மற்றதெல்லாம் தின்னப்பட்டிருந்தது. நுனிகளில் செம்பு நிறத்தில் புதுத் தளிர். பக்கத்து மதிலில் ஒரு கூட்டுப்புழுவின் வெறும் கூடு ஒட்டியிருந்தது. தொட்டால் வெங்காயத் தோல் மாதிரி நொறுங்கியது. கொன்றை இலையில் முட்டையிடும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் வேலை இது. கூட்டம் கூட்டமாகப் பறந்து சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று சிங்கள அயலவர்கள் சொல்வார்களே, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று.

சரி, புழு தின்றதற்கும் பூவுக்கும் என்ன தொடுசல்? கொன்றை வழமையாகப் பூப்பது, கோடையில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் காலத்தில். இங்கே கோடை செய்யவேண்டிய வேலையைப் புழு செய்திருக்கிறது. அதன்மேல் புரட்டாதிக் கடைசியில் மழை விழுந்தது. அந்தப் பக்கத்துக் கொப்புகளுக்கு அவ்வளவு போதும். இலையோடு நின்ற மற்றப் பக்கம் அசையவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் ஒரே மரம் பாதி பூத்துப் பாதி பூக்காமல் நிற்பதற்கு, நாட்டின் தலைவிதியைவிட இது பொருந்துகிற காரணம் என்று நினைக்கிறேன். தலைவிதி என்றால் மரம் முழுவதும் பூத்திருக்க வேண்டாமா?

ஊகத்துக்குத் துணையும் இருக்கிறது. 2018 ஒக்டோபரில் யப்பானில் பல இடங்களில் செர்ரி மரங்கள் பூத்தன. இளவேனிலில் பூக்கவேண்டியவை அவை. அங்குள்ள மர வைத்தியர்கள் சொன்ன காரணம்: அந்த வருடம் அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் இலைகளைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. மொட்டு உறங்கிக் கிடக்கும்படி ஒரு பொருளை அனுப்பிக்கொண்டிருப்பது இலை. அது போனதும் மொட்டு விழித்துவிட்டது. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பாத்து என்ற மலையூரில், இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். அப்பிள் அறுவடை முடிந்ததும் மரத்தின் இலையைக் கையாலேயே உருவிவிடுவார்களாம். குளிர்காலமே இல்லாத ஊரில் வருடத்துக்கு இரண்டு தரம் அப்பிள். இதை வாசித்தபோது எனக்கு ஊரில் அம்மா செய்வது ஞாபகம் வந்தது. மல்லிகைப் பந்தலுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, கொடியை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிடுவார். "கொஞ்சம் பட்டினி போட்டால்தான் புத்தி வரும்" என்பார். மல்லிகைக்குத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தாவரவியல் படித்தவள் அல்ல. புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் 31 வருடம் கணக்கு எழுதினவள். எழுதி வைக்காத ஒன்று நடக்கவேயில்லை என்று எங்கள் முதலாளி சொல்வார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. 1998இல் ஒருநாள், முற்றத்து மாமரம் போன வருடம் தைப்பொங்கலுக்கு முந்திப் பூத்ததா பிந்திப் பூத்ததா என்று எனக்கும் மாமியாருக்கும் வாக்குவாதம். இரண்டு பேரிடமும் ஆதாரம் இல்லை. அன்று பின்னேரமே கடையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிவந்தேன். இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது. இடப்பக்கம் எது பூத்தது, எத்தனை, எந்தப் பக்கம். வலப்பக்கம் மழை, வெயில், யார் வெட்டினார்கள், என்ன உரம் போட்டேன். வரவும் செலவும் மாதிரி. (மாதப் பெயர் ஒரு சிக்கல். ஒக்டோபரை ஐப்பசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், பஞ்சாங்கக்காரர் மன்னிக்க.)

வளவு பெரிதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை, ஆறு பேர்ச் நிலம், மூன்று பக்கமும் தொடர்மாடி. நடுமுற்றத்தில் வெயில் மூன்று மணித்தியாலம் நின்றால் அதிகம். செவ்வரத்தை இரண்டு, நந்தியாவட்டை, ஒரு கோப்பிக் கன்று, சட்டிகளில் மழை லில்லி, கடதாசிப் பூ, இன்னும் சில்லறை. இவ்வளவுதான் என் அரசாங்கம்.

இந்தக் கொப்பிகளை வைத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். காலம் தவறிப் பூத்தது என்று நான் எழுதிய பதிவுகளில் பாதிக்கு மேல், காலம் எது என்று எனக்குத் தெரியாததால் எழுதியவை.

எங்கள் தலைமுறையில் பலர் காலத்தை யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அங்கே ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மழை, பிறகு பனி, அப்புறம் நீண்ட வெயில், சோளகம் அடித்தால் புழுதி. மரத்துக்கும் மனிதருக்கும் குழப்பமில்லை. கொழும்பில் சித்திரை வைகாசியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவிலும் தென்மேல் பருவக்காற்று சும்மா இருக்காது. தை மாசிதான் கொஞ்சம் காய்வு. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஐம்பது நிமிடம்கூட இல்லை. மாதச் சராசரி வெப்பநிலையும் இரண்டு மூன்று பாகைக்குள் ஏறி இறங்குகிறது. இப்படியான ஊரில் ஒரு செடி நாட்காட்டியை எங்கே பார்க்கும்? அது பார்ப்பது வேறு. கோப்பி மொட்டு காய்ச்சலில் உறங்கி, நல்ல மழை ஒன்று விழுந்து எட்டு ஒன்பது நாளில் ஒன்றாகத் திறக்கும். மழை லில்லிக்கு அதைவிடக் குறைந்த நாள் போதும். கடதாசிப் பூவுக்குத் தண்ணீர் விட்டால் இலை, விடாவிட்டால் பூ. இவற்றுக்கெல்லாம் மாதமே கிடையாது, காரணம்தான் உண்டு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த மிஸ் ஒரு சங்கப் பாட்டைச் சொல்லித்தந்தார். கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப்போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தோழி சமாளிக்கிறாள்: இது கார்மழை இல்லை, வம்பமாரி, மடக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று. வம்பமாரி, பருவமில்லாத மழை. எவ்வளவு நல்ல சொல், ஏன் கைவிட்டோமோ. ஆனால் கணக்கெழுதுகிறவளாக எனக்கு ஒரு சந்தேகம் அன்றே இருந்தது. கொன்றையிடம் பிழை இல்லை. மழையைக் கண்டது, பூத்தது. வராதவனுக்காக மரத்தின்மேல் பழி. உங்கள் படத்தின் கீழிருந்த இரண்டு வரியும் அந்தத் தோழியின் வேலைதான். அவளுக்காவது ஒரு நல்ல நோக்கம் இருந்தது.

அயலில் நடந்த வேறு இரண்டு 'அதிசயங்களை' சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கார்த்திகைப் பூ. (பெயரைக் கேட்டதும் வேறு ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் கிழங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிங்களத்தில் நியகல.) காய்வு காலத்தில் கிழங்கு சட்டிக்குள் உறங்கவேண்டும், மழைக்கு முளைத்து, கார்த்திகையை ஒட்டிப் பூக்கவேண்டும். ஒரு வருடம் வைகாசியில் முளைத்து ஆடிவேல் பார்க்கப் போகிற நாளில் பூத்து நின்றது. நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மழைக்கு அந்தச் சட்டியை நகர்த்தி வைத்த இடம், மேல்மாடி வீட்டின் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம். மாசியிலிருந்து நாள் தவறாமல் சொட்டுச் சொட்டாக மழை! கிழங்குக்கு ஏசியைத் தெரியுமா?

இரண்டாவது, பொயின்செட்டியா என்ற நத்தார்ச் செடி. அதன் சிவப்பு பூவே அல்ல, நுனி இலை. இரவு நீளமாக இருந்தால்தான் சிவக்கும். எங்கள் ஒழுங்கையில் பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிப் பளீரென்ற வெள்ளை விளக்கு ஒன்றைப் பூட்டினார்கள். அந்த நத்தாருக்கு மதிலின் நிழலில் நின்ற பக்கம் சிவப்பு, விளக்கைப் பார்த்த பக்கம் வெறும் பச்சை. பகல் நீளத்துக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் புகையிலையை வைத்து 1920இல் எழுதிவிட்டார்கள் என்று பிறகு வாசித்தேன். எனக்கு அப்போது தெரியாது; ஆகவே நானே பரிசோதித்தேன். மாசிக் கடைசியிலிருந்து எட்டுக் கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பெரிய காட்போட் பெட்டியால் சட்டியை மூடி, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறந்தேன். வெசாக் கூடு கட்டுகிற நாளில் நத்தார்ச் செடி ரத்தச் சிவப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கத்தோலிக்கச் சிநேகிதி படியிலேயே நின்றுவிட்டாள். "இது என்ன அக்கா, பாலன் பிறப்பை ஏழு மாதம் முந்திக்கொண்டு வந்திட்டீங்களா?" என்றாள். பெட்டியைக் காட்டினேன். ஏமாற்றமாகிவிட்டது அவளுக்கு.

மாமரத்தின் கதை இப்படிச் சிரிக்க வைக்காது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதவும் முடியாது.

எங்கள் முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் நின்றது. மாமனார் ஊரிலிருந்து ஒட்டுக்கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. பெயரில் கொழும்பு இருக்கிறதே தவிர, கொழும்பு மழை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பூவுக்கு நல்ல காய்வு வேண்டும். தையில் கொஞ்சம் பூக்கும், ஆனியில் ஐம்பது அறுபது பழம் தரும். சில வருடம் அதுவும் இல்லை. மாமியார் விளக்குமாற்றால் அடியில் இரண்டு தட்டுத் தட்டி, "வெட்டிப் போடுவன்" என்று வெருட்டுவார். கொப்பியில் மாமரத்துக்கு எப்போதும் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை.

2014இல் பக்கத்து வளவு விலைப்பட்டது. பத்து மாடிக்கு அத்திவாரம் தோண்டினார்கள். கடல் பக்கம் என்பதால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர். இரவு பகலாக மூன்று மாதம் பம்ப் இறைத்தார்கள். எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. மதிலோரமாக அவர்கள் இறக்கிய குழியில், மண்சுவரிலிருந்து எங்கள் மாமரத்து வேர்கள் அறுபட்டு, வெள்ளை நுனியோடு நீட்டிக்கொண்டிருந்தன. சில என் மணிக்கட்டுப் பருமன். அதிலிருந்து வந்த பால் மணம் மதிலுக்கு இந்தப் பக்கமும் வந்தது. மாங்காய்க் காம்பை முறித்தால் வருமே, அந்த மணம்.

புரட்டாதி 19ஆம் திகதிப் பதிவு இப்படி இருக்கிறது: "மா. முழு மரமும். இலை தெரியவில்லை. 16 வருடத்தில் இப்படி இல்லை." எதிர் மாடியில் இருக்கிற பிள்ளை பல்கனியில் நின்று கத்தினாள்: "அன்ரி, உங்கட மாமரத்தைப் பாருங்கோ, கலியாண வீடு மாதிரி!" காலையில் நிலம் முழுக்கப் பூத்தூள். தேனீக்களின் இரைச்சல் குசினி வரைக்கும் கேட்டது. என் கணவர் இப்போதே யார் யாருக்கு எத்தனை பழம் என்று பிரிக்கத் தொடங்கிவிட்டார். நானும்தான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது. வேலைத்தளத்துக் காவற்காரர் ஒருவர், ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், மதிலுக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சாகப்போற மரந்தாம்மா இப்படிப் பூக்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, அன்று அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் பூ எல்லாம் கறுத்தது. ஈரத்தில் மாம்பூவைப் பிடிக்கிற நோய் அது, பூங்கொத்து தீயில் வாட்டினது மாதிரி ஆகிவிடும். தப்பிய பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவில் விழுந்தன. அடுத்த வைகாசிக்குள் உச்சிக் கொப்புகள் காய்ந்து, பட்டை விட்டுப்போய், ஆடியில் ஆள் பிடித்து வெட்டவேண்டியதாயிற்று. கட்டிய நிறுவனத்திடம் போய்க் கேட்டோம். "மரம் உங்கள் வளவில்தானே நிற்கிறது, நாங்கள் கைவைக்கவில்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மரம் எங்கள் வளவில்தான் நின்றது. வேருக்குத்தான் மதில் தெரியவில்லை.

அந்தக் காவற்காரருக்கு யார் தாவரவியல் படிப்பித்தார்களோ. வேர் அறுந்து, தண்ணீரும் குறைந்து, இனிப் பிழைப்பது கடினம் என்ற நிலையில் சில மரங்கள் இருப்பதையெல்லாம் பூவாக்கிவிடுகின்றன. ஆகவேதான் உங்கள் படத்தின் கீழே 'அதிசயம்' என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. பூத்த மரத்தின் கீழே படம் பிடிக்க நிற்கிற நேரத்தில், அதன் அடியில் யாராவது குழி தோண்டியிருக்கிறார்களா என்று ஒரு தரம் குனிந்து பார்க்கலாம்.

மருமகளின் கேள்விக்கு வருகிறேன். காலநிலை மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. பதிவான ஆண்டுகளிலேயே உலகம் அதிகம் வெந்த ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு மரம், ஒரு ஐப்பசி, பதினொரு சரம் — இதை வைத்து அந்தப் பெரிய கணக்கை எழுத முடியாது. கியோட்டோவில் செர்ரி எந்த நாள் முழுதாகப் பூத்தது என்ற குறிப்பு 812ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. அரண்மனைக்காரரும் துறவிகளும் நாட்குறிப்பில் எழுதி வைத்ததை யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தார். 2021இல் மார்ச் 26ஆம் திகதி பூத்தபோது, ஆயிரத்து இருநூறு வருடத்தில் இதுதான் முந்தியது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. விருந்துக்குப் போன நாளை எழுதினவர்கள், எதற்கென்று தெரியாமலே எழுதிவிட்டார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? கொழும்பில் விழுந்த மழையை நூறு வருடத்துக்கு மேலாக அளந்து வைத்திருக்கிறார்கள். பூவை யாரும் அளக்கவில்லை. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன், இலங்கைச் செடிகளைப் பற்றி எழுதிய நூலை 1893இல் வெளியிடத் தொடங்கினார். பெரும்பாலான செடிகளுக்குக் கீழே எந்த மாதம் பூக்கும் என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். ஒரு நூலகத்தில் அதைப் புரட்டியபோது எனக்கு அவர் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளைகளில் ஒருவர் மாதிரித் தெரிந்தார். அந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் இன்றைக்கு என்ன மாதம் எழுதுவது என்று கேட்டால், ஆளுக்கொரு ஞாபகம் சொல்வோம். ஞாபகத்தை நம்பக்கூடாது. 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது, இந்த வருடம் போலப் பூ எந்த வருடமும் இல்லை என்று எங்கள் ஒழுங்கை முழுக்கச் சொன்னது. என் கொப்பியில் அந்த வருடம் சாதாரண வருடம். பார்க்க நேரம் கிடைத்தது அந்த வருடம்தான்.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஒரு வேண்டுகோள். ராகுகாலம் போடுகிறீர்கள், தங்க விலை போடுகிறீர்கள். ஞாயிறு இதழில் நாலு விரற்கடை இடம் பூவுக்கு விடுங்கள். வாசகர்கள் எழுதட்டும்: என்ன மரம், எந்த வீதி, எந்தத் திகதியில் முதற்பூ. படம் வேண்டாம், படம் எப்போதும் பூத்த பக்கத்தைத்தான் காட்டும். அதற்குப் பதில் மூன்று கேள்விக்குப் பதில் கேளுங்கள். மரத்தில் இலை இருந்ததா? கிட்டடியில் யாராவது வெட்டினார்களா, தோண்டினார்களா, விளக்குப் போட்டார்களா? கடைசியாக நல்ல மழை எப்போது? வெள்ளவத்தையிலிருந்து நான் எழுதுவேன். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வத்தளையிலும் என்னைப் போல இரண்டு பேராவது இருப்பார்கள். இந்த வருடம் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து வருடம் போனால் தெரியும். என் கொப்பிகளைப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லி இரண்டு வருடமாகிறது.

முதற் குறிப்பை நானே தருகிறேன். இதை மட்டும் பூக்குமுன்பே எழுதுகிறேன்.

மாமரத்தை வெட்டிய அன்று, அதன் அடியில் ஒட்டியிருந்த ஓர்க்கிட் ஒன்றை மரத்துண்டோடு சேர்த்து அறுத்து எடுத்து வைத்தேன். புறா ஓர்க்கிட் என்பார்கள். வெள்ளைப் புறா சிறகு விரித்தது மாதிரிப் பூ. விடியுமுன் திறக்கும், அன்று பின்னேரம் வாடிவிடும், வருடத்தில் பல தரம் பூக்கும். முதல் இரண்டு கொப்பிகளில் இதைப் பற்றி 'ஒழுங்கில்லாதது' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிறகு ஒருநாள் வலப்பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். பூத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்பது நாள் முன்னால், வெக்கையான ஒரு பகலுக்குப் பின் சட்டென்று குளிர்ந்த பெருமழை. ஐந்தாறு பாகை ஒரேயடியாக இறங்கினால் இதன் மொட்டு விழித்து ஒன்பதாம் நாள் திறக்கும். இது ஆராய்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது. ஒரு மழைக்கு ஊரிலுள்ள எல்லாச் செடியும் ஒரே நாளில் பூக்கும். தெகிவளை மச்சாளுக்கு இதில் ஒரு துண்டு கொடுத்திருக்கிறேன். விடிய ஐந்தரைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொலைபேசி எடுத்து, இரண்டு பக்கமும் 'பிஸி' என்று வந்த நாட்கள் உண்டு.

நேற்று, புதன்கிழமை, பகலெல்லாம் சட்டை உடம்போடு ஒட்டுகிற வெக்கை. பின்னேரம் நாலேகாலுக்கு இடியோடு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு யன்னலைச் சாத்தவேண்டிய குளிர். கடிதம் வருகிற ஞாயிறு வெளியாகுமானால், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை விடிய, அந்த மழை நனைத்த இடங்களில் இந்த ஓர்க்கிட் வைத்திருப்பவர்கள் எழும்பிப் பார்க்கவும். மொட்டு இப்போது கடுகளவு. பூக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். நான் கொப்பியில் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெழுதுநர் ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.